நாடி பார்த்த பிறகு

"கையைக் கொடுங்க ஐயா. நாடி பார்க்காம இந்த மாத்திரையைத் தர மாட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். நர்ஸம்மா மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணினாள். துடிப்பு சீராகத்தான் இருந்தது. குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. வீக்கம் என்று பேருக்குக்கூட இல்லை.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேசைமேல் சின்னக் கிண்ணத்தில் மூன்று மாத்திரைகள். ஒன்று இதயத்துக்கு, ஒன்று பிரஷருக்கு, இன்னொன்று நீர் பிரிய. இதய வார்டிலேயே காலம் தள்ளியவள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குத்துக்கல் மாதிரி இருக்கிற இந்த மனிதருக்கு இதெல்லாம் எதற்கு?

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணுமில்லை சிஸ்டர். மாத்திரை என் வீட்டுக்காரிக்கு."

"அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே! ஆள் மாத்திக் கொடுத்திருந்தா என் வேலைக்கே உலை வெச்சிருப்பீங்க. சரி, அவங்க எங்க?"

"இங்கதான்... வந்துடுவா."

நர்ஸம்மா கட்டிலைப் பார்த்தாள். தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா அவங்களுக்கு?"

"ஆமா சிஸ்டர். திடீர்னு எழுந்து உட்கார்ந்துடறா. கால்ல செருப்பு நுழைய மாட்டேங்குது. மாத்திரையைக் கொடுத்தா, 'எனக்கென்ன கேடு, நீங்களே முழுங்குங்க'ன்னு வாஷ்பேசின்ல துப்பிடறா. இனிமே தவறினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

அவர் மாத்திரைக் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"நீங்க கொஞ்சிக்கிட்டு நின்னா அப்படித்தான். எதுக்குன்னு சொல்லிக் கொடுக்கணும். இது இதயம் அடிச்சுக்கிறதை நிதானமாக்கும். இது பிரஷரை இறக்கும், அதனால படுக்கையிலிருந்து சட்டுனு எழுந்திருக்கக் கூடாது, தலை சுத்தும். இந்த நீர் மாத்திரை நெஞ்சுலயும் கால்லயும் தேங்கின தண்ணியை வெளியேத்தும். காலையிலயே கொடுத்துடணும். இல்லைன்னா ராத்திரி பூரா பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடையா நடப்பாங்க."

"நாடி எவ்வளவு இருந்தா கொடுக்கலாம்?"

"அறுபதுக்குக் கீழே போனா இதய மாத்திரையைத் தொடாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. எங்க, என் கையைப் பிடிச்சுப் பழகுங்க."

அவர் விரல்கள் தடுமாறவே இல்லை. நேராகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன. கடிகாரத்தைப் பார்த்து எண்ணி முடித்து, "அறுபத்தெட்டு" என்றார்.

"பரவாயில்லையே, உங்களுக்குக் கற்பூர புத்தி! இந்த அளவு இருந்தா தைரியமா கொடுக்கலாம்."

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே சிஸ்டர், உட்காருங்க."

டியூட்டியில் உட்காரக் கூடாதுதான். ஆனால் கால் இரண்டும் கல்லைக் கட்டினாற்போல் கனத்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டிலில் நோயாளியின் சார்ட் தொங்கவில்லை. எந்தக் கவனக்குறைவான பெண் இன்று டியூட்டி? கேட்க வேண்டும். யாரைக் கேட்பது? அடுத்து எந்த நோயாளி? வாசலைத் தாண்டினால் வலப்பக்கம் போவதா, இடப்பக்கமா? நினைக்க நினைக்க மண்டை குழம்பியது.

"உங்க வீட்டம்மா இன்னும் வரலையே" என்றாள், சற்றுப் பயந்த குரலில். "மாத்திரையைப் போடாம அவங்க எங்க போனாங்க?"

பெரியவர் டம்ளரில் தண்ணீரோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, கிண்ணத்திலிருந்த மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் போட்டார்.

"சிஸ்டர் வந்து எல்லாம் விளக்கிச் சொல்லிட்டுப் போனாங்கம்மா. உன் நாடியும் நல்லா இருக்காம். போட்டுக்கோ."

"சிஸ்டரே சொன்னாங்களா?" அவள் மாத்திரைகளை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?"