புதுப் பலகை

சர்க்கஸ் வண்டி வீட்டின் வெளிச்சுவர் மழையில் ஊறி உளுத்துப்போயிருந்தது. பிலோமினா சுத்தியலால் நெம்பியதும் பலகை அவள் உருவத்திலேயே பிய்ந்து வந்தது. புருஷன் சூசை தினமும் அவளை அங்கே நிறுத்தித்தான் கத்தி வீசிப் பழகுவான். அவளைச் சுற்றி விழுந்த துளைகளின் வழியாகவே தண்ணீர் இறங்கியிருந்தது. பழைய துளைகள் கறுத்து, எட்டத் தள்ளியிருந்தன. புதியவை கழுத்தை ஒட்டியிருந்தன. ஒன்றில் அவளுடைய முடி சிக்கியிருந்தது.

"கை தவறிட்டுன்னுல்லா சொன்னிய?" என்று பக்கத்தில் நின்ற சூசையிடம் கேட்டாள்.

"எவனப் பாக்கத் திரும்புனியோ, யாரு கண்டா? பேசாம வேலையப் பாருட்டி."

அவன் கத்திகளைத் தீட்டப் போனான். உடைந்த சிங்கக்கூண்டின் இரும்புத் தகட்டை எடுத்துவந்து அவள் சட்டத்தில் முடுக்கினாள். அதன்மேல் மெல்லிய பலகையை அடித்துப் பழைய வர்ணத்தையே பூசினாள். முன்பொருமுறை கூடாரத்தின் இரும்புத் தூணில் பட்ட கத்தி திரும்பிவந்து சூசையின் புருவத்தைக் கிழித்திருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

சாயங்காலம் அவன் பத்தடி தள்ளி நின்று முதல் கத்தியை ஓங்கினான்.

"ஏட்டி, கண்ண மூடிக்க."

புதுச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்ற பிலோமினா அன்றைக்குக் கண்ணை மூடவில்லை.