குறுக்கே வந்த கப்பல்

கணினியில் விண்வெளிச் சண்டை ஆடும் அந்தக் குழுவில் அவள் பெயர் ‘கிடங்கு அக்கா’. சண்டையில் கப்பலைப் பறிகொடுத்தவர்களுக்கு ஈடாகப் புதுக் கப்பல் கொடுப்பாள். ஓட்டச் சொன்னால் மட்டும், “எனக்குத் தலை சுத்தும்ப்பா” என்பாள்.

அன்று பெருஞ்சண்டை. கிடங்கில் இருந்ததோ ஒரே கப்பல். சண்டை முடிந்ததும் தங்கை வீட்டிலிருந்து ஓடி வந்து பார்த்தால், ஒருவரும் கப்பல் கேட்டிருக்கவில்லை.

தளபதிக்குப் போன் போட்டாள். “யாருக்கும் அடியில்லையா தம்பி?”

“நீங்கதான் குறுக்க வந்து அத்தனை அடியையும் வாங்கிட்டீங்களே அக்கா! உங்க கப்பல் ஒண்ணுதான் போச்சு.”

சண்டை நடந்த நேரம் முழுக்க அவள் தங்கை மகளைத் தோளில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். எப்படியோ, அப்பாடா என்றிருந்தது. இருந்த ஒரே கப்பலைத் தன் பெயருக்கே அனுப்பினாள்.

அவள் பெயரிலிருந்தே பதில் வந்தது: “கிடைச்சுது. பாப்பா தூங்கிட்டாளா?”