வாஷ்பேசினுக்குப் பின்னால்

தெருவே ‘பைப்பு’ என்று கூப்பிடும் அந்த பிளம்பர், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதைப் பதினொரு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒருநாள் மனைவி, “உங்களால முடியாது, விடுங்க” என்று சொல்லிவிட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே மாலை வகுப்பில் சேர்ந்து ட, ப, ம என்று மூன்று எழுத்துகள் கற்றார்.

மறுநாள் ஒரு வீட்டில் பழைய வாஷ்பேசினைக் கழற்றினார். பின்னால் சுவரில் பென்சிலால் ‘படம்’ என்று எழுதியிருந்தது.

“அம்மா, நான் படிச்சிட்டேன்!” என்று கத்தினார்.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “இதை மாட்டி இருபது வருஷமாச்சே. யாருப்பா எழுதினது?”

அன்று மாலை வகுப்பில் க, ல. அடுத்த வீட்டு பேசினுக்குப் பின்னால் ‘கடல்’. அதன்பிறகு எங்கே கழற்றினாலும் ஒரு சொல் இருந்தது. அவருக்குத் தெரியாத எழுத்து ஒன்றுகூட அதில் இருக்காது. காய்ச்சல் அடித்த நாளிலும் பைப்பு வகுப்புக்கு ஓடினார்.

“அப்படி என்னங்க அவசரம்?” என்றாள் மனைவி.

“நாளைக்கு என்ன எழுதியிருக்கும்னு பார்க்க வேண்டாமா?”

நாற்பதாம் நாள் சுவர் வெறுமையாக இருந்தது. பைப்பு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘நீ யார்?’ என்று எழுதினார். புது பேசினை மாட்டி இறுக்கினார். தண்ணீர் கசிந்தது. வாஷர் மாற்ற உடனே கழற்றினார்.

அவருடைய கேள்விக்குக் கீழே ‘இன்னும் படி’ என்று இருந்தது. பென்சில் தூள் அப்போதுதான் உதிர்ந்துகொண்டிருந்தது.