திங்கள்தோறும் லாயிட் வீடு

“இன்னைக்கும் லாயிட் வீடா?” படுக்கையிலிருந்தே கேட்டான் டெரக்.

“ஒரு மணி நேரத்துல வந்துருவேன்,” என்றான் அவனோடு வாழும் காதலன் க்ளென், தலையை வாரியபடி.

டெரக்குக்கும் லாயிட்டுக்கும் எய்ட்ஸ். அந்த நோய்க்கு மருந்தே இல்லாத எண்பதுகள் அது; இருவரும் சிட்னியில் ஒரே புது மருந்துச் சோதனையில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி கேப்ஸ்யூலில் சர்க்கரைத் தூள். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

இந்த மாதம்தான் டெரக்கால் எழுந்து உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, திங்கள்தோறும் சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு க்ளென் கிளம்புவதுதான்.

“போறதுன்னா அங்கேயே இருந்துக்க.”

க்ளென் போகவில்லை.

மறுநாள் லாயிட்டே தடியூன்றி வந்து நின்றான்.

“க்ளென் கடைக்குப் போயிருக்கான்,” என்றான் டெரக் வெடுக்கென்று.

“உன்னைத்தான் பாக்க வந்தேன்.” லாயிட் ஒரு குப்பியை நீட்டினான். “க்ளென் உன் கேப்ஸ்யூலப் பிரிச்சு நக்கிப் பார்த்தான். இனிச்சுது. என்னோடது கசந்துது. அதான் வாராவாரம் என்கிட்ட பாதி வாங்கிட்டுப் போய் உன் குப்பியில போட்டான். நேத்து ஆளக் காணோம்.”

டெரக் குப்பியை வாங்கிக்கொண்டான்.

“அப்ப நீ என்ன சாப்பிடுற?”

“மீதிப் பாதி. எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு க்ளென் மாத்திக் குடுத்த உன் சர்க்கரை.”