ஒட்டாத காந்தம்

"உங்கப்பாட்ட சொல்லு, சோறு ஆறிப்போச்சுன்னு."

அப்பா ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நதியா அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, சோறு ஆறுதாம்."

"ஆறட்டும். அவ வச்ச கொழம்பு சூடா இருந்தா மட்டும் உள்ள எறங்கிருமாக்கும்னு கேளு."

கொஞ்சம் காரத்தைக் குறைத்து அதை அம்மாவிடம் சேர்த்தாள் நதியா.

அம்மா வீரம்மாள் ஆசையாக வளர்த்த பேரிக்காய் மரத்தை, ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டு அங்கே பூண்டு போட்டார் அப்பா ராமர். அன்றோடு பேச்சு நின்றது. நதியா ஆராய்ச்சிக்காக பெங்களூரு போன அதே வருஷம். அவள் மாதம் ஒருமுறை மலைமேல் இருக்கும் பள்ளங்கிக்கு வரும்போதுதான் இருவரும் ஒன்றாகச் சாப்பிடவே உட்காருவார்கள். போனில் சமாதானம் பேசினால், "நேர்ல வா, பேசிக்கிருவோம்" என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்.

ஆய்வகத்தில் உடைந்துபோன ஒரு கறுப்புப் படிகத் துண்டை இந்த முறை கொண்டுவந்திருந்தாள். அப்பா அதை ஓர் ஆணியின் மேல் வைத்துப் பார்த்தார்.

"காந்தம்ங்கிற. ஒரு ஆணிகூட ஒட்டலையே."

"ஒட்டாதுப்பா. கடுங்குளிர்ல வச்சா உள்ள இருக்கிற குட்டிக் குட்டிக் காந்தமெல்லாம் வரிசையில நின்னுரும். ஆனா ஒரு வரிசை மேல பாத்தா, அடுத்த வரிசை கீழ பாக்கும். ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிரும். வெளிய ஒண்ணுமே தெரியாது."

"நம்மூருக் குளிரு பத்துமா?"

"பத்தாதுப்பா."

"அப்ப அதுகளுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லங்கிற."

"அப்பிடித்தான் தெரியும். நியூட்ரானை விட்டுத் தட்டிப் பாக்கணும். ஒண்ணு அசைஞ்சா பக்கத்துல இருக்கிறது அசையும், அப்பிடியே கடைசி வரைக்கும் அலையா ஓடும். அம்புட்டு இறுக்கமான கட்டு."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "உங்கப்பாட்ட சொல்லு, முறுக்கிக்கிட்டு நிக்கிறதெல்லாம் காந்தமாயிராதுன்னு."

அந்தக் கல்லை மேலும் ஆராய ஜப்பானில் மூன்று வருஷ வேலை கிடைத்திருந்தது. இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அவள் சொல்லவில்லை. மூன்று வருஷம் இந்த இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் பேச்சில்லாமல் விட்டுவிட்டு எப்படிப் போவது?

பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ரோட்டு வளைவில்தான் சிக்னல் கிடைத்தது. 'வர இயலவில்லை, மன்னிக்கவும்' என்று ஜப்பானுக்குத் தட்டி அனுப்பினாள். மேகம் இறங்கி மரங்களையும் பாதையையும் மூடிக்கொண்டது. யாருமற்ற உலகத்தில் தான் ஒருத்தி மட்டும் நிற்பதுபோல் இருந்தது. கல்லையாவது தொட்டுக்கொள்ளலாம் என்று பைக்குள் துழாவினாள். இல்லை. ஆணியோடு அப்பா பக்கத்திலேயே விட்டு வந்திருந்தாள்.

திரும்பி நடந்தாள். மேகத்துக்குள் வாசல் தெரியவில்லை. முதலில் அம்மாவின் சிரிப்புதான் கேட்டது.

"கொழம்பு எறங்காதாமே. மூணு தடவ வாங்கித் தின்னீங்க."

"நீ மட்டும் என்ன? முறுக்கிக்கிட்டு நிக்கிறேனாம்ல நானு."

"மெதுவாப் பேசுங்க. மரத்த வெட்டச் சொன்னதே நான்தான்னு தெரிஞ்சா, இந்தப் பக்கமே வர மாட்டா."

நதியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

அப்பாவின் குரல் தணிந்து வந்தது. "வீரம்மா, அடுத்த தடவ இன்னுங் கொஞ்சம் பெருசா சண்ட போடேன். ரெண்டு நா கூட இருந்துட்டுப் போவாள்ல?"