நாக்பூரைத் தாண்டாத ரயில்

ரயில் டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வாரமாக நாக்பூரைத் தாண்டவில்லை.

ஜோதிமணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவள் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வாரம்தான். சேர்ந்த நாளிலிருந்து கம்பெனி பஸ் டிவியில் இதே சஸ்பென்ஸ் படம். ஓடுகிற ரயிலில் ஒரு கொலை. பெட்டியில் இருக்கிற யாரோ ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். அவள் எப்போதோ போனில் பார்த்து முடித்ததை டிரைவர் அண்ணாதுரை ஜவ்வு மிட்டாயாக இழுத்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரியில் கிளம்பினால் சூளகிரி தாண்டித்தான் டிவியைப் போடுவார். நேற்று விட்ட இடத்தைத் தேடுகிற சாக்கில் பார்த்ததையே கொஞ்சம் ஓட்டுவார். ஓசூரில் கம்பெனி கேட் வந்ததும், சரியாகக் கத்தி பளபளக்கிற இடத்தில் அணைத்துவிடுவார். சாயங்காலம் வெறும் பாட்டுதான்.

அதைவிடக் கொடுமை, பஸ்ஸில் நடக்கிற பட்டிமன்றம்.

"டீ விக்கிறவன்தான் கொன்னிருப்பான். முழியே சரியில்ல" என்றான் ஸ்டோர்ஸ் முத்துக்குமார்.

"போடா தம்பி, அந்தப் பெட்டியில வர்ற புதுப்பொண்ணுதான்" என்றாள் தங்கமணி. "பூங்கொடி, நீ யாரைச் சொல்ற?"

முன்சீட்டுப் பூங்கொடி திரும்பாமலே, "டிடிஆரா இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். டிடிஆருக்கு ஆதரவாகப் பாதி பஸ், எதிராகப் பாதி பஸ்.

ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கூத்து இது! ஜோதிமணி பொறுமை இழந்து எழுந்து நின்றாள்.

"ஏங்க, நான் இந்தப் படத்தைப் பாத்துட்டேன். கொலைகாரன் யாருன்னா..."

பாய்ந்து வந்த தங்கமணியின் கை அவள் வாயைப் பொத்தியது.

கேட்டில் இறங்கியதும் தங்கமணி அவளை ஓரமாக இழுத்துப் போனாள்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?"

"எனக்கா, அக்கா? ஒரு படத்துக்குப் போய் இந்த அடி அடிச்சுக்கறீங்க..."

"பூங்கொடி வீட்டுக்காரரு மூணு மாசத்துக்கு முந்தி ஹைவேல லாரி மோதிப் போயிட்டாரு. புள்ளகுட்டி இல்ல. வேலைக்குத் திரும்பி வந்தாளே ஒழிய, பேச்சில்ல, சோறில்ல. 'வேலையை உட்டுடறேன்க்கா, ஊட்டுலயே கெடக்கறேன்'னா. தனியா இருந்து என்ன பண்ணிக்குவாளோன்னு எங்களுக்கு ஒரே பயம்."

"அய்யோ..."

"இன்னிக்கோட நின்னுடறேன்னு அவ வந்த அன்னிக்குத்தான் டிரைவர் அண்ணன் எதேச்சையா இந்தப் படத்தைப் போட்டாரு. கேட் வந்துது, அணைச்சாரு. எறங்கறப்ப இவ கேக்கறா, 'அண்ணா, யாரு கொன்னது?'ன்னு. அவளா வாயத் தொறந்து கேட்டது அன்னிக்குத்தான். அண்ணன் 'நாளைக்கு வா, தெரியும்'னாரு. வந்தா. இன்னி வரைக்கும் வரா."

"அப்போ உங்களுக்கெல்லாம் முடிவு தெரியுமா?"

"நான் தியேட்டர்லயே பாத்தேன். முத்துக்குமார் மூணு தடவை பாத்தவன். பஸ்ல பாக்காத ஆளு அவ ஒருத்திதான்."

ஜோதிமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் பஸ்ஸில் அவள் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

"எனக்கென்னவோ போர்வை குடுக்கறவன் மேலதான் டவுட்டு!"

"நீதான் பாத்துட்டேன்னியே?" என்று பூங்கொடி கேட்டுவிட்டாள்.

எல்லாத் தலைகளும் ஜோதிமணி பக்கம் திரும்பின.

"அது... அது வேற ரயில் படம்க்கா. கொழம்பிட்டேன்."

அன்று மத்தியானம் பூங்கொடி டப்பாவைத் திறந்து, கொண்டுவந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தங்கமணி அதைக் கண்ணாலேயே எல்லோருக்கும் சொன்னாள்.

ஆனால் எவ்வளவு இழுத்தாலும் படம் ஒருநாள் முடிந்துதானே ஆக வேண்டும்? அடுத்த சனிக்கிழமை காலை ரயில் டெல்லிக்குள் நுழைந்தது. மேல் பெர்த்தில் சதா தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்தான் கொலைகாரர்.

தமிழில் 'அடப்பாவி', தெலுங்கில் 'அய்யய்யோ', கன்னடத்தில் 'அய்யோ தேவ்ரே' எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. முத்துக்குமார் தலையில் அடித்துக்கொண்டான்.

அண்ணாதுரை டிவியை அணைத்தார். பூங்கொடி பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். திங்கட்கிழமை வருவாளா? கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை.

ஜோதிமணிக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, திங்கக்கிழமை அண்ணன் வேற படம் போடறாராம். அதுவும் சஸ்பென்ஸாம். வருவீங்கல்ல?"

பூங்கொடி நின்று, பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வராம எங்க போறேன்?" என்றவள், ஜோதிமணியின் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத நாள் ஊட்டுக்குப் போனதுமே போன்ல முழுசையும் பாத்துட்டேன். மறுநாள் எல்லாருகிட்டயும் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். பாத்தா, ஒரு பஸ்ஸே எனக்காக ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்குது. எப்பிடி உட்டுட்டுப் போறது, சொல்லு? இதை அவங்ககிட்ட சொல்லிடாத, பாவம். ஆனா அண்ணன்கிட்ட நைசா பேசி, அடுத்ததாவது நான் பாக்காத படமா போட வை!"