நாளைக்கு வைத்திருந்த கதை

அண்ணன்மார் தம்பியின் சட்டையை ஆட்டு ரத்தத்தில் தோய்த்தார்கள் என்று எப்சிபா சொன்னபோது, பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மகள் அபிநயா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது. மடியில் சிலேட்டு. காலையில் ஒரு ஜெபம், ஒரு பாட்டு, பிறகு ஓர் எழுத்து, கடைசியில் ஒரு வேதக் கதை. இதுதான் அவளுடைய பள்ளிக்கூடம். அன்றைய எழுத்து 'ஆ'. ஆடு வரைந்தாகிவிட்டது. அதற்கு ஐந்து கால் இருந்தது.

ஆறு வயதுவரை பிள்ளைக்கு எழுத்தையும் ஜெபத்தையும் வீட்டிலேயே சொல்லித்தருவது என்று எப்சிபாவும் கணவன் கிறிஸ்டோபரும் முடிவு செய்திருந்தார்கள். எல்.கே.ஜி.யில் ஏன் சேர்க்கவில்லை என்று தெருவே கேட்டது.

கேட்காதவர் வீட்டுக்காரர் சபாபதி மட்டும்தான். அவருக்குக் காது மந்தம். சுவருக்கு அந்தப் பக்கம் அவரும், பட்டு நெய்யும் மகன் சிவராஜும் இருந்தார்கள்.

முந்தாநாள் சிவராஜ் கிறிஸ்டோபரை வாசலில் நிறுத்தியிருந்தான்.

"பாட்டெல்லாம் பாடட்டும் சார், பரவால்ல. அந்தக் கதைய மட்டும் மெதுவா சொல்லச் சொல்லுங்க."

அண்ணன்மார் தம்பியைக் குழியில் தள்ளிய கதையை அன்றுதான் அவள் ஆரம்பித்திருந்தாள்.

வேதக் கதை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அடுத்து காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று எப்சிபா பயந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் இந்த வீடு கிடைப்பதற்குள் எத்தனை வாசல்களில் "நீங்க கிறிஸ்டியனா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

சபாபதி நின்றுகொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"மன்னிச்சிக்கங்கய்யா. இனிமே சத்தமா சொல்லமாட்டேன்" என்றாள்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். அதையே அவள் கத்திச் சொல்லவேண்டியதாயிற்று.

"அத்த கேக்க வரலம்மா. சிவராஜ் தறியில உக்காந்து அழுதுக்கினு இருக்கான். என்னடான்னு கேட்டா, அந்தம்மாவப் போய்க் கேளுங்கறான். அப்படி என்னதாம்மா சொன்ன?"

எப்சிபாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கொழந்தைக்குக் கதை சொன்னேங்கய்யா. அவ்ளோதான்."

அபிநயா எழுந்து வந்தாள். அந்தக் கதையை யாராவது கேட்டால் சொல்ல அவள் தயாராக இருந்தாள். சபாபதி குனிந்து காதை அவள் வாய்க்கு நேராகக் கொடுத்தார்.

"கலர் சட்டை அண்ணா இல்ல, அவர அவங்க அண்ணனுங்கல்லாம் சேந்து எங்கியோ அனுப்பிட்டாங்க தாத்தா. அப்புறம் அப்பாகிட்ட வந்து பொய் சொல்லிட்டாங்க. அப்பா நம்பிட்டாரு."

சபாபதி நிமிரவில்லை. குனிந்தபடியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எப்சிபாவைப் பார்த்தார்.

"எனக்கு இன்னொரு பையன் இருக்கான்மா. சின்னவன், சிவபாலன். போயி ஏழெட்டு வருஷம் ஆவுது. என்னத் தேட வேணாம், மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு அவன் சொன்னதா சிவராஜ்தான் வந்து சொன்னான்."

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படி ஒரு பெயரை அவள் கேட்டதில்லை.

"அந்தக் கதையில, அப்பன் பையன மறுபடி பாத்தானாம்மா?"

"அம்மா, அது நாளைக்குக் கதை!" என்றாள் அபிநயா.

"பாத்தாருங்கய்யா" என்றாள் எப்சிபா, அவர் காதில் விழும்படி. சுவருக்கு அந்தப் பக்கமும் விழுந்திருக்கும். "அந்த அண்ணனுங்களே வந்து சொன்னாங்க, உங்க பையன் உசுரோட நல்லாதான் இருக்கான்னு. அப்பா கெளம்பிப் போயிப் பாத்தாரு."

அவர் தலையசைத்தார். தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

சிறிது நேரத்தில் சிவராஜின் குரல் கேட்கத் தொடங்கியது. காது மந்தமான அப்பாவிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. சொன்னதையே அவன் திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது.

எப்சிபா மகளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். கை தட்டிப் பாடும் பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடச் சொன்னாள். தானும் சேர்ந்து பாடினாள். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை பாடினார்கள்.

மதியம் சாப்பிடும் முன் செய்த ஜெபத்தில் அபிநயா அந்தத் தாத்தாவையும் சேர்த்துக்கொண்டாள். எப்சிபா ஆமென் சொன்னாள்.

ஏனாத்தூரில் கல்லூரி லேபில் வேலை பார்க்கும் கிறிஸ்டோபர் சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றினான்.

"பஸ் ஸ்டாண்டுல நம்ம ஓனரும் சிவராஜும் பெங்களூர் பஸ் ஏறிக்கினு இருந்தாங்க. சிவராஜ் கையப் புடிச்சி ஏத்தப் போனான், அவரு உதறிட்டாரு. ஆனா போயி அவன் பக்கத்துலதான் உக்காந்தாரு."

எப்சிபா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

"ஏம்மா, பெங்களூர்ல அவங்களுக்கு யார் இருக்காங்க?"